விடியற்காலையில் மான் பார்க்க எந்த பைனாகுலர் வாங்கலாம்? வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

"எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?"

பைனாகுலர் வாங்க நினைப்பவர் எவரும் முதலில் கேட்பது இதைத்தான். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதைக் கேட்டுத்தான் ஒரு பொருட்காட்சிக் கடையில் 20×50 என்று எழுதிய ஒன்றை வாங்கிவந்தேன். மொட்டைமாடியில் நின்று பார்த்தபோது எதிர்மலைப் பாறைகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தன. அடுத்த வாரமே அமிர்திப் பக்கம் ஓர் ஏரிக்கரைக்கு எடுத்துப் போனேன். நேரம் ஐந்தே முக்கால், கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. கரைக்கு அந்தப் பக்கம் நூறு மீட்டருக்குள் ஏதோ நகர்வது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. பைனாகுலரை வைத்தேன், கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம் ஆடியது. கண்ணை எடுத்தால் உருவம் தெரிகிறது, வைத்தால் மறைகிறது. கூட வந்த நண்பரின் தந்தை தன்னுடைய பழைய 7×50ஐக் கொடுத்தார். அதில் மூன்று பெண்மான்களும் ஒரு குட்டியும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. குட்டியின் முதுகுப் புள்ளிகளை எண்ணிவிடலாம் போலிருந்தது.

இருபது மடங்கு காட்டாததை ஏழு மடங்கு ஏன் காட்டியது? இது புரிந்துவிட்டால் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்தது.

எண்களிலிருந்து தொடங்குவோம். 8×42 என்று எழுதியிருந்தால், எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. நாற்பத்திரண்டு என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைப்பது, கருவியின் பின்பக்கம் வழியாக உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மி.மீ. என் பழைய 20×50இல் அது 2.5 மி.மீ. நண்பரின் தந்தை வைத்திருந்த 7×50இல் 7 மி.மீ.

நல்ல வெயிலில் நம் கண்ணின் பாவை இரண்டு மூன்று மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். அப்போது 2.5 மி.மீ. ஒளிக்கற்றையே போதும், குறை தெரியாது. இருட்டில் பாவை விரிகிறது. இளவயதில் 7 மி.மீ. வரை விரியும், வயதாக ஆக அது 5 மி.மீ. பக்கம் குறையும். விடியலில் அகலத் திறந்து காத்திருக்கும் அந்தக் கண்ணுக்கு ஊசிமுனை போல ஒளியைக் கொடுத்தால் அதற்கு எதுவும் தெரியாது. மான்களோ விடியலிலும் அந்தியிலும்தான் வெளியே வந்து மேய்கின்றன. உச்சி வெயிலில் நிழலில் படுத்து அசைபோடுகிற மானை எந்தக் கருவியாலும் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே மான் பார்ப்பவருக்கு வேண்டியது முதலில் ஒளி. பெரிதாகத் தெரிவதெல்லாம் அதற்குப் பிறகு.

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கி 1986இல் தொடங்கிவைக்கப்பட்டது. அதைப் பற்றிப் பேசும்போது 2.3 மீட்டர் தொலைநோக்கி என்று ஆடியின் விட்டத்தைத்தான் சொல்கிறார்கள், எத்தனை மடங்கு என்று யாரும் சொல்வதில்லை. மங்கலான விண்மீனிலிருந்து எவ்வளவு ஒளியைத் திரட்ட முடியும் என்பதுதான் அங்கே கேள்வி. அதே மலையின் அடிவாரத்தில் விடியற்காலையில் நிற்கிற நமக்கும் கேள்வி அதுதான்.

அயல்நாட்டில் இருக்கும் உறவினர்கள் வழியாகத் துப்பாக்கித் தொலைநோக்கியைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதை வாங்கலாமா என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் உரிமம் பெற்று மான் வேட்டையாடுபவர்களில் பலர் அடர்ந்த காட்டுக்கு லீவர் இழுத்துத் தோட்டா ஏற்றும் பழைய பாணித் துப்பாக்கியை விரும்புகிறார்கள். அதில் 1894ஆம் ஆண்டு மாதிரியான வின்செஸ்டர், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டை மேல்பக்கமாக வெளியே தள்ளும் வகையில் அமைந்தது. அதனால் உச்சியில் தொலைநோக்கி பொருத்துவது நெடுங்காலம் தொல்லையாக இருந்தது. மார்லின் 336 பக்கவாட்டில் தள்ளும், பொருத்துவது எளிது. நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்தத் துப்பாக்கிகளுக்கு அங்குள்ள அனுபவசாலிகள் ஒன்றரை முதல் ஐந்து மடங்கு, அல்லது இரண்டு முதல் ஏழு மடங்கு வரை மாற்றிக்கொள்ளும் சிறிய தொலைநோக்கியைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். புதர்க்காட்டில் மான் நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள்தான் கண்ணில் படும். அந்தத் தூரத்தில் மடங்கு கூடினால் பார்வைப் பரப்பு சுருங்கி, மான் எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் போய்விடும். உயிர் போகிற காரியத்துக்கே குறைந்த மடங்கு போதும் என்கிறபோது, பார்த்து மகிழ வருகிற நமக்கு இருபது மடங்கு எதற்கு?

அதற்காகத் துப்பாக்கித் தொலைநோக்கியை வாங்கிக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டாம். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது கண்ணில் இடிக்காமலிருக்க, அதில் கண்ணை மூன்று நான்கு அங்குலம் தள்ளி வைத்தே பார்க்க வேண்டும். கையில் பிடித்தால் அந்த இடைவெளி நிலைத்து நிற்காது, காட்சி கறுத்துக் கறுத்துப் போகும். ஒற்றைக் கண்ணால் பார்ப்பதால் சீக்கிரம் அசதி தட்டும். இன்னொன்றும் உண்டு. காட்டோரத்தில் விடியற்காலையில் அப்படி ஒரு கருவியோடு நிற்பவரைப் பார்த்தால் வனக் காவலருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. அவர் வேலையை நாம் கடினமாக்கக் கூடாது.

இனி எதை வாங்குவது என்று பார்ப்போம். என் முதல் சிபாரிசு 8×42. ஒளி போதும், கை நடுக்கம் அதிகம் தெரியாது, பார்வைப் பரப்பும் நல்ல அகலம். சாதாரணமாக ஆயிரம் மீட்டர் தொலைவில் 130 மீட்டர் அகலம் தெரியும். கருவியில் 7.5 பாகை என்று அச்சிட்டிருந்தால் அதுவும் ஏறக்குறைய இதே அளவுதான். எடை 600, 700 கிராம் இருக்கும். கழுத்துவலி உள்ளவர்களும், கைக்கடக்கமாக வேண்டும் என்கிற பெண்களும் சிறுவர்களும் 8×32 வாங்கலாம். ஒளிக்கற்றை 4 மி.மீ., விடியலில் கொஞ்சம் மங்கல், ஆனால் மலையேறும்போது அந்த வித்தியாசம் தோளுக்குத் தெரியும். ஏலகிரிச் சரிவுபோலத் திறந்த இடங்களில் தொலைவில் பார்ப்பவர்களுக்கு 10×42 பொருந்தும், கை உறுதியாக இருந்தால். 10×25 என்ற சட்டைப்பை அளவுக் கருவிகள் நண்பகல் கிரிக்கெட் பார்க்க நல்லவை, மானுக்கு உதவா.

மடங்கை மாற்றிக்கொள்ளும் ஜூம் பைனாகுலர், சிவப்பாக மின்னும் முன்கண்ணாடி உள்ளது, 60×60 அல்லது அதைவிடப் பெரிய எண்ணை அச்சிட்டது ஆகிய மூன்றையும் தொடவே வேண்டாம். கைக்கடக்கமான கருவியில் அறுபது மடங்கு என்று எழுதியிருந்தால் அந்த எண்ணே பொய். சிவப்புப் பூச்சு, காட்சியிலிருந்து செந்நிற ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். புள்ளிமானின் செம்பழுப்புத் தோலைப் பார்க்கப் போகிறவருக்கு அதைவிடப் பெரிய இழப்பு வேண்டுமா?

உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிப் பட்டகம் இரண்டு வகையாக அமைந்திருக்கும். தோள்பட்டை அகன்று, முன்கண்ணாடிகள் விலகி நிற்கும் பழைய வடிவம் போரோ. நேர்க்குழலாக இருக்கும் புதிய வடிவம் ரூஃப். ஒரே விலையில் இரண்டையும் ஒப்பிட்டால், குறைந்த பணத்துக்குப் போரோவில்தான் தெளிவு கூடுதலாகக் கிடைக்கும். ரூஃப் வகையில் மழைநீர் புகாத வசதியும் சிறிய உருவமும் எளிதாகக் கிடைக்கும், ஆனால் நல்ல ரூஃபுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். இன்றைய நிலவரத்தில் ஏழெட்டாயிரம் ரூபாய் முதல் பதினைந்தாயிரம் வரை ஒதுக்க முடிந்தால் பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைக்கிற ஒன்றை வாங்கலாம். அவ்வளவு இப்போது முடியாது என்றால் காத்திருங்கள். இரண்டாயிரத்துக்கு ஒன்றை வாங்கி ஆசையைக் கெடுத்துக்கொள்வதைவிட, தெரிந்தவர் கருவியை இரவல் வாங்கிப் பார்த்துப் பழகுவது எவ்வளவோ மேல்.

கூடுமானவரை கையில் எடுத்துப் பார்த்தே வாங்குங்கள். இணையத்தில் வாங்கினால், திருப்பியனுப்பும் காலம் முடிவதற்குள் இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

கருவியைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்து, வெளிச்சமான வானத்தின் பக்கம் திருப்பி, பின்கண்ணாடியைக் கவனியுங்கள் (சூரியன் இருக்கும் திசை மட்டும் கூடவே கூடாது). நடுவில் ஒரு வெள்ளை வட்டம் தெரியும். அது முழு வட்டமாக, ஓரம் கூர்மையாக இருந்தால் உள்ளே நல்ல கண்ணாடி. ஓரங்களில் சாம்பல் நிழல் விழுந்து வட்டம் சதுரம்போல் வெட்டுப்பட்டிருந்தால் மலிவான கண்ணாடி. பெட்டியின் மேல் பேக்-4 என்றும் பிகே-7 என்றும் எழுதுவது இந்தக் கண்ணாடி வகைகளைத்தான், முன்னது உயர்ந்தது. எழுத்தை நம்புவதைவிட வட்டத்தைப் பார்ப்பது உத்தமம்.

பிறகு வெளியே வந்து, வானத்தின் பின்னணியில் ஓடும் மின்கம்பியைப் பாருங்கள். கம்பியின் ஓரத்தில் ஊதா நிறம் பட்டையாக வழிந்தால் வேண்டாம். லேசாக இருந்தால் பரவாயில்லை, இந்த விலையில் அது முழுமையாகப் போகாது. வேலூரில் எனக்குப் பிடித்த சோதனைச்சாலை கோட்டைக்குள் இருக்கிற புல்வெளிதான். அங்கிருந்து ஜலகண்டேசுவரர் கோயில் கோபுரத்துச் சிற்பங்களை மேலிருந்து கீழாக ஐந்து நிமிடம் பாருங்கள். நடுவில் தெரியும் தெளிவு ஓரம்வரை ஓரளவாவது நீடிக்க வேண்டும். பார்த்து முடித்துக் கருவியை இறக்கியதும் கண் இழுப்பதுபோலவோ தலை பாரமாகவோ இருந்தால், இரண்டு குழல்களும் ஒரே திசையில் பார்க்கவில்லை என்று பொருள். அதை மாற்றித் தரச் சொல்லுங்கள். சிலநாளில் பழகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம், அது பழகாது.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வரை முழுக்காட்சி தெரியும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அது 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 17 இருந்தால் நிம்மதி. கண்குவளையைக் கீழே இறக்கி, மூக்குக்கண்ணாடியோடே பாருங்கள். காட்சியின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் எவ்வளவு உயர்ந்த கருவியானாலும் உங்களுக்கு அது உதவாது.

வாங்கியதும் முதல் வேலை, கருவியை உங்கள் கண்களுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்வது. நிறைய பேர் இதைச் செய்யாமலே ஆண்டுக்கணக்கில் அரைகுறையாகப் பார்க்கிறார்கள். முதலில் இரண்டு குழல்களையும் மடக்கியும் விரித்தும், இரு வட்டங்களும் ஒரே வட்டமாகச் சேரும் இடத்தில் நிறுத்துங்கள். தொலைவில் உள்ள ஒரு பெயர்ப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்க முன்கண்ணாடியைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருகி, இடக்கண்ணுக்கு எழுத்தைத் தெளிவாக்குங்கள். இனிச் சக்கரத்தைத் தொடாமல், இடப்பக்கத்தை மூடிவிட்டு, வலப்பக்கப் பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தை மட்டும் திருகி வலக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வையுங்கள், நான் ஒரு துளி நகப்பூச்சால் அடையாளம் வைத்திருக்கிறேன். அதன்பின் எங்கே பார்த்தாலும் நடுச்சக்கரம் ஒன்றே போதும்.

அடுத்தது பயிற்சி. வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் அமிர்தி உயிரியல் பூங்காவைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அடைப்புக்குள் புள்ளிமான்கள் இருக்கின்றன, எங்கும் ஓடிவிடா. மானின் மேல் வைத்த வெறும் கண்ணை எடுக்காமலே, கருவியைக் கண்ணுக்கும் மானுக்கும் நடுவே கொண்டுவரப் பழகுங்கள். புதியவர்கள் குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்கிறார்கள், அதற்குள் மான் நின்ற இடம் தொலைந்துவிடுகிறது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி வையுங்கள். மரமோ மதில்சுவரோ இருந்தால் சாய்ந்துகொள்ளுங்கள். எட்டு மடங்கு என்றால் கை நடுக்கமும் எட்டு மடங்கு.

அங்கேயே மானின் உடலையும் படித்துக்கொள்ளலாம். கழுத்தின் கீழே வெள்ளை, வாலின் அடிப்புறம் வெள்ளை. முன்காலால் தரையைத் தட்டினால் ஏதோ சந்தேகம். வாலைத் தூக்கினால் அடுத்து ஓட்டம்தான். காட்டில் இவற்றை ஒரு நொடிதான் காண்பீர்கள், முன்பே தெரிந்திருந்தால் கண் பிடித்துக்கொள்ளும்.

காட்டோரத்தில் தேடுவது தனிக் கலை. ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவரோடு ஒருநாள் விடியலில் அவர் கொல்லையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச்சரிவைக் கால் மணி நேரம் அலசிவிட்டு, "ஒன்றும் இல்லை ஐயா" என்றேன். அவரிடம் கருவி ஏதும் இல்லை. "இருக்கிறது தம்பி. முழு மானைத் தேடாதே, காதைத் தேடு. மான் அசையாமல் நிற்கும், அதன் காது நிற்காது" என்றார். அவர் விரல் நீட்டிய புதரின் மேல் கருவியை நிறுத்திக் காத்திருந்தேன். உலர்ந்த இலை என்று நான் இரண்டு முறை கடந்துபோன ஒன்று, ஈயை விரட்டத் துடித்தது. பிறகு அதன் கீழே ஒரு கண், அதன் பின்னால் முதுகுக் கோடு என்று ஒவ்வொன்றாகப் புதரிலிருந்து பிரிந்து வந்தன.

அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறை இது. சரிவைப் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொண்டு, அருகிலிருந்து தொலைவுக்கு, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துவேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்து நொடி அசையாமல் பார்ப்பேன். காட்டில் மரமும் தண்டும் செங்குத்தாக நிற்கும், கிடைக்கோடு அரிது. முழங்கால் உயரத்துக்கு மேல் எங்கேனும் ஒரு கிடைக்கோடு தெரிந்தால் அது விழுந்த மரமாக இருக்கலாம், மானின் முதுகாகவும் இருக்கலாம். அங்கே நிறுத்திக் காது துடிக்கிறதா என்று பாருங்கள்.

காற்று உங்கள் பக்கமிருந்து மான் பக்கம் வீசினால் இடத்தை மாற்றுங்கள். ஒரு பிடி புழுதியை உதிர்த்துப் பார்த்தால் திசை தெரிந்துவிடும். வாசனைத் தைலமும் தலையில் மல்லிகையும் அன்றைக்கு வேண்டாம்.

வேலூர் வெயிலுக்கு என்று தனியாக ஒரு குறிப்பு உண்டு. பங்குனி, சித்திரையில் காலை ஒன்பது மணிக்கே பாறைகள் சுட்டு, மேலே கானல் ஆடத் தொடங்கிவிடும். மடங்கு கூடக் கூட அந்த ஆட்டமும் கூடும். எட்டு மடங்கில் லேசாக நெளிகிற காட்சி இருபது மடங்கில் கொதிக்கும் கஞ்சிபோல் இருக்கும். அந்த நேரத்தில் கருவியைக் குறைசொல்லிப் பயனில்லை, வீட்டுக்குப் புறப்படலாம்.

சட்டத்தையும் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டில் மான் வேட்டை குற்றம். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவதும் 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்கீழ் குற்றம். பொதுச்சாலை, ஏரிக்கரை, தெரிந்தவர் நிலம் ஆகிய இடங்களிலிருந்தே பாருங்கள், உள்ளே போக வேண்டுமென்றால் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். பேரணாம்பட்டுப் பக்கம் ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்து யானைகள் வருவதுண்டு, அங்கே விடியலில் தனியாகப் போகவே வேண்டாம். மானின் வயிற்றில் பிறந்தவள் வள்ளி என்று சொல்லும் வள்ளிமலை நம் காட்பாடிக்கு அருகில்தான் இருக்கிறது. மானைத் தேடிவந்த வேடனாக வந்து நின்றுதான் முருகன் அவளிடம் பேச்சுக் கொடுத்தான் என்பார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஊரில் நாட்டுத் துப்பாக்கியின் சத்தம் கேட்டாலோ, கோடையில் தண்ணீர் தேடி வந்த மான் கிணற்றில் விழுந்து கிடந்தாலோ, நாய்கள் துரத்தினாலோ உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். கிணற்றில் விழுந்த மானை நீங்களே இறங்கித் தூக்க முயல வேண்டாம். மிரட்சியிலேயே அது இறந்துபோகக்கூடும், கூட்டத்தை விலக்கி வைப்பதே பெரிய உதவி.

கடைசியாகப் பராமரிப்பு. புழுதி படிந்த கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், மணல்துகள் பூச்சைக் கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதுகுழலால் ஊதி, பிறகு மென்தூரிகையால் தட்டி, கடைசியில்தான் கண்ணாடி துடைக்கும் துணி. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கழுத்துப்பட்டை மெல்லியதாக இருந்தால் அகலமான தோல்பட்டை ஒன்று தைத்து வாங்கிக்கொள்ளுங்கள், ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருக்க அதற்குப் பஞ்சமில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உறைக்குள்ளேயே மூடி வைத்தால் கண்ணாடியில் பூஞ்சை படரும். அது ஒருமுறை வேர்விட்டால் போக்குவது கடினம். நனைந்த கருவியை முதலில் மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு திறந்து வைத்து, மறுநாள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு போட்டு மூடுங்கள். நிறம் மாறும் வகைப் பொட்டலமாக வாங்கினால் ஈரம் ஏறியது கண்ணுக்கே தெரியும், அப்போது புதியதை மாற்றிவிடுங்கள்.